அலுப்பும் தூக்கமும் நம்முடைய முரசும்



கலஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தாய்மார் கூட்டம் நடத்தினோம். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த முப்பது பேர் பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பல் விளக்குகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றோம். எல்லாக் கையும் உயர்ந்தது. இரவில் படுக்கப் போகும் முன் விளக்குகிறவர்கள் யார் என்று கேட்டோம். நாலு கை உயர்ந்தது. அதில் இரண்டு, தாயோடு வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கை.

முன்வரிசையில் இருந்த ஒரு தாய் சொன்னார்: "சேர், ராத்திரி சோறாக்கி, புள்ளைகளுக்குப் போட்டு, சட்டி பானை கழுவி, பாயில சாஞ்சா போதும்னு கெடக்கு. அந்த நேரத்துல பல்லு வெளக்கிறது ஒண்ணுதான் கொறச்சல்!"

எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அந்தத் தாய் மட்டும் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மேல் வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. பக்கத்துப் பல்லும் ஆடுகிறதாம். வயது நாற்பத்தைந்துதான்.

அவர் சொன்னதை நாம் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அலுப்புக்கும் தூக்கத்துக்கும் முரசுக்கும் உள்ள தொடர்பை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பாடம்.

முரசு எப்படிக் கெடுகிறது

பல்லைப் பிடித்து வைத்திருக்கும் சதையை முரசு என்கிறோம், ஈறு என்றும் சொல்வார்கள். நாம் சாப்பிட்ட பிறகு பல்லும் முரசும் சேரும் இடத்தில் வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஓர் அழுக்கு படியும். நகத்தால் சுரண்டினால் வரும். அது வெறும் சோற்று மிச்சம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கூட்டமாகக் கட்டிய வீடு. தினமும் தேய்த்து எடுக்காவிட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் சேர்ந்து கல்லைப் போல இறுகிவிடும். அதைக் காரை என்கிறோம். காரை கட்டின பிறகு பிரஷ்ஷால் எடுக்க முடியாது.

கிருமியை எதிர்த்து உடம்பு சண்டை போடும். அதனால் முரசு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் வரும். இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் ஒழுங்காகத் துப்புரவு செய்தால் முழுதாக மாறிவிடும். விட்டுவிட்டால் சிலருக்கு நோய் கீழே இறங்கும். முரசுக்கும் பல்லுக்கும் நடுவில் பை மாதிரி குழி விழும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், கடைசியில் பல் ஆடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

இதில் மோசமான சங்கதி என்னவென்றால் வலியே இருக்காது. சொத்தைப் பல் குத்தும், நாமும் டிஸ்பென்சரிக்கு ஓடுவோம். முரசு நோய் வருஷக்கணக்கில் சத்தம் போடாமல் வேலை செய்யும்.

1965ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் வைத்திய நிபுணரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முரசு நல்ல நிலையில் இருந்த 12 பேரைப் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் அதிகம் பேர் பல் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் முரசு வீங்கிவிட்டது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிட்டது. முரசில் இரத்தம் வந்தால் பிரஷ்ஷைத் தொடாதே என்று நம்மில் பலர் சொல்வது தவறு என்று அன்றைக்கே தெளிவாகிவிட்டது. இரத்தம் வருவது விளக்கியதால் அல்ல, விளக்காமல் விட்டதால்.

பூண்டுலோயாவில் நடந்த ஆராய்ச்சி

அதே ஹரால்ட் லோ 1970இல் நமது மலைநாட்டுக்கு வந்தார். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹெரோ தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயை அவரது குழு சோதித்தது. அப்போது அவர்களின் வயது 14இலிருந்து 31 வரை. பிறகு 1985 வரை பல தடவை வந்து அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். உலகத்தில் எந்த நாட்டுப் பல் வைத்தியக் கல்லூரியிலும் முரசு நோய் பற்றிப் படிக்கிற பிள்ளைகள் இந்த ஆராய்ச்சியைப் படிக்காமல் தேற முடியாது. நம் தோட்டங்களிலோ இதைக் கேள்விப்பட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

ஏன் நம்மைத் தேடி வந்தார்கள்? நல்ல காரணம் என்று சொல்ல முடியாது. பல் துப்புரவோ பல் வைத்தியமோ அறவே கிடைக்காத மக்களுக்கு முரசு நோய் தன்போக்கில் எப்படி வளர்கிறது என்று பார்க்கத்தான் வந்தார்கள். எதிர்ப்புறத்தில் ஒப்பிட்டுப் பார்க்க, நோர்வேயின் ஒஸ்லோ நகரத்தில் சிறு வயதிலிருந்தே ஒழுங்கான பல் வைத்தியம் பெற்ற படித்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆண்கள் எல்லாருடைய பல்லிலும் அழுக்கும் காரையும் நிறைய இருந்தன. ஆனால் சொத்தை மிகவும் குறைவு.

1986இல் வெளியான முடிவைக் கவனமாகப் பாருங்கள். 100 பேரை எடுத்தால் 8 பேருக்கு நோய் வெகு வேகமாக ஓடியது. அவர்களுக்கு 35 வயதில் 12 பல் போயிருந்தது, 40 வயதில் 20 பல், 45 வயதில் எல்லாப் பல்லும் போய்விட்டது. 81 பேருக்கு நடுத்தர வேகம், 45 வயதுக்குள் ஏழு பல் அளவில் இழந்தார்கள். மிச்சம் 11 பேருக்கு முரசு சிவந்ததோடு சரி, அதற்குக் கீழே நோய் இறங்கவே இல்லை.

நாற்பது வருஷம் கழித்து, 2010இல், அந்தப் பழைய ஆட்களில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். சராசரியாக ஆளுக்கு 13 பல் போயிருந்தது. ஒரு பல்லும் போகாதவரும் இருந்தார், பொக்கை வாயாக இருந்தவரும் இருந்தார்.

ஒரே மலை, ஒரே லயம், ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி அழுக்கு. பிறகு ஏன் எட்டுப் பேருக்கு ஒரு விதமாகவும் பதினொரு பேருக்கு வேறு விதமாகவும் ஆனது? அழுக்கு ஒரு பாதி, அதை எதிர்க்கும் உடம்பு மறு பாதி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் தாய் தகப்பன் வழியில் வருகிறது. அதை நாம் மாற்ற முடியாது. கொஞ்சம் நாம் வாழ்கிற விதத்தைப் பொறுத்தது. பீடி சிகரெட், நீரிழிவு, சத்துக் குறைவு எல்லாம் அதைக் கெடுக்கும். தூக்கக் குறைவும் இந்த இடத்தில்தான் வருகிறது.

இன்னொரு விஷயமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த 480 பேரும் ஆண்கள். மலையில் கூடை சுமந்து, வீட்டுக்கு வந்து அடுப்பைப் பிடிக்கிற பெண்களின் வாயை யாரும் எண்ணவில்லை. தூக்கத்தையும் அதில் யாரும் அளக்கவில்லை.

தூங்காத உடம்பு

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலத் தூக்கமாவது வேண்டும் என்று டாக்டர்மார் சொல்கிறார்கள். நமது தாய்மாரில் பலர் விடியற்காலை நாலரைக்கு எழுந்திருக்கிறார்கள். ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பெரட்டுக்கு ஓட வேண்டும். இரவு படுக்கப் பத்தரை, பதினொன்று. கூட்டிப் பாருங்கள், ஆறு மணித்தியாலமும் தேறாது. குழந்தை இருந்தால் அதிலும் பாதிதான். ஸ்டோரில் இரவு வேலைக்குப் போகிற ஆண்களின் பாடும் இதுதான். பகலில் லயத்துச் சத்தத்தில் எங்கே தூங்குவது?

தூக்கம் குறைந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. புண்ணும் வீக்கமும் சீக்கிரம் ஆறாது. பல நாடுகளில் மக்களிடம் கேட்டு எடுத்த கணக்குகளில், குறைவாகத் தூங்குகிறவர்களிடம் முரசு நோய் கூடுதலாக இருந்ததாகச் சிலவற்றில் தெரிகிறது, வேறு சிலவற்றில் அப்படித் தெரியவில்லை. ஆகவே "தூங்காவிட்டால் பல் விழும்" என்று நாங்கள் பயமுறுத்த மாட்டோம். அப்படிச் சொல்வது பொய்யாகிவிடும்.

ஆனால் ஒரு முரசு நோய் மட்டும் தூக்கமின்மையோடு நன்றாகவே தொடர்புள்ளது. 1914இலிருந்து 1918 வரை நடந்த முதலாம் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் மாதக்கணக்கில் பதுங்கு குழிகளில் கிடந்தார்கள். தூக்கமில்லை, சரியான சாப்பாடில்லை, பல் விளக்க வழியில்லை, ஓயாத பயம், ஓயாத சிகரெட். அவர்களில் பலருக்குத் திடீரென்று முரசு அழுகி, நாற்றமடித்து, இரத்தம் கொட்டியது. அதற்குப் பதுங்குகுழி வாய் என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைக்கும் பரீட்சைக்காக இராத்திரி முழுக்க விழித்திருக்கும் மாணவர்களுக்குக் கூட இது வருவதுண்டு.

இதன் அடையாளத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் முரசு நுனி அரித்துப்போன மாதிரி புண்ணாகும், சாம்பல் நிறத்தில் பாடை படியும், தொட முடியாத வலி இருக்கும், வாய் பொல்லாத நாற்றம் அடிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். இதற்கு உப்புத் தண்ணீர் மட்டும் போதாது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சத்துக் குறைந்த சிறு பிள்ளைக்கு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கன்னம் வரை அழுகும் ஆபத்து உண்டு.

அலுப்பு திருடுகிற இரண்டு நிமிஷம்

நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அலுப்பு நேராக முரசைத் தாக்குவதை விட, நம் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்குவதுதான் அதிகம்.

பகலில் எச்சில் நமக்குக் காவல்காரன். ஊறிக்கொண்டே இருந்து வாயைக் கழுவும். நாம் தூங்கும்போது காவல்காரனும் தூங்கிவிடுகிறான், எச்சில் மிகவும் குறைந்துவிடும். வாயைத் திறந்து குறட்டை விடுகிறவர்களுக்கு முரசு இன்னும் காய்ந்துபோகும். இரவுச் சோற்றின் மிச்சத்தோடு படுத்தால் கிருமிக்கு விடியும்வரை கேட்பாரில்லை. காலையில் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் கழிந்த இரவை மீட்க முடியாது. ஒரு வேளைதான் முடியும் என்றால், அது இரவு வேளையாக இருக்கட்டும் என்று கூடச் சொல்லலாம்.

அடுத்தது வெற்றிலை. அலுப்புக்கும் குளிருக்கும் பசிக்கும் நம் மக்கள் கண்டுபிடித்த மருந்து அது. மத்தியானம் கண் சொருகும்போது ஒரு வாய் போட்டால் உற்சாகம் வருகிறது என்கிறார்கள். உண்மைதான், பாக்கும் புகையிலையும் கொஞ்ச நேரம் விழிக்க வைக்கும். ஆனால் அது தூக்கத்தைக் கடனாக வாங்குவது, கடனை வாய்தான் கட்டுகிறது. காரை கூடுகிறது, முரசு சுருங்குகிறது. சிலருக்கு வாய் இறுகி மூன்று விரல் நுழைகிற அளவுக்குக் கூடத் திறக்க முடியாமல் போகிறது. பாக்கு புகையிலை இல்லாமலே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னணியில் நிற்கிறது.

இதிலும் கொடியது, வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுவது. துப்ப எழும்பச் சோம்பல் என்று பாட்டிமார் சிலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மணித்தியாலம் அந்தச் சக்கை ஒரே இடத்தில் ஊறும். வெற்றிலையை இன்றைக்கே விடு என்றால் யாரும் கேட்கமாட்டீர்கள், தெரியும். படுக்கும் முன் துப்பி வாய் கொப்பளிப்பதையாவது இன்றைக்கே தொடங்குங்கள். வாயில் வெள்ளையோ சிவப்போ திட்டு இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

பீடி, சிகரெட் பற்றி ஒரு வார்த்தை. அது முரசின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் இருந்தாலும் இரத்தம் அவ்வளவு வராது. "எனக்கு இரத்தமே வாறதில்ல" என்று புகைக்கிறவர் பெருமைப்பட ஒன்றுமில்லை.

செய்யக்கூடியது என்ன

பாயில் சாயும் நேரத்தில் பல் விளக்கு என்று சொன்னால் நடக்காது. அந்தத் தாய் சிரித்தது சரிதான். அதனால் நேரத்தை மாற்றுவோம். இராச்சாப்பாடு முடிந்த உடனே, சட்டி கழுவ உட்காரும் முன்பே, பிள்ளைகளோடு சேர்ந்து விளக்கிவிடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் போடக் கூடாது. சீனி போட்ட தேத்தண்ணியும் கூடாது.

பைப் லயத்துக்கு வெளியே இருக்கிறது, இருட்டு, மழை, அட்டை, பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு பழைய பேசினும் இஸ்தோப்பில் வைத்தால் போதும். இரண்டு நிமிஷம், மெத்தென்ற பிரஷ், பட்டாணி அளவு புளோரைட் பேஸ்ட், சின்னப் பிள்ளைக்கு அதிலும் குறைவு. பல்லும் முரசும் சேரும் வரம்பில் மெதுவாகத் தேய்க்க வேண்டும், உள்பக்கமும்தான். ஆளுக்கு ஒரு பிரஷ். ஒரே பிரஷ்ஷில் வீடே விளக்குவதை இன்றும் பார்க்கிறோம். கரியும் செங்கல் தூளும் வேண்டாம், அவை பல்லைத் தேய்த்துவிடும். இரவு வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் வந்து படுக்கும் முன்தான் "இரவு".

இனி ஆண்களுக்கு. ஐயாமாரே, கோபப்படாதீர்கள். தாய்க்கு ஒரு மணித்தியாலத் தூக்கம் கூட வேண்டுமென்றால் அந்த ஒரு மணித்தியால வேலையை வீட்டில் வேறு யாராவது செய்ய வேண்டும். தண்ணீர் பிடிப்பது, விறகு பிளப்பது, சட்டி கழுவுவது, பிள்ளைகளுக்குப் பல் விளக்கி விடுவது எல்லாம் ஆண் கைக்கும் வரும். ஒரு தோட்டத்தில் ஒரு தகப்பன் இராத்திரி பிள்ளைகளை வரிசையாக இஸ்தோப்பில் உட்காரவைத்துப் பல் விளக்கிவிடுவதைப் பார்த்தோம். முதலில் லயமே கேலி பண்ணியதாம். இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்களாம்.

எல்லா அலுப்பையும் வேலையின் தலையில் போட்டுவிடவும் கூடாது. நன்றாகத் தூங்கியும் அலுப்பாக இருந்தால், முரசும் நாக்கும் வெளிறியிருந்தால் இரத்தச் சோகையாக இருக்கலாம். அலுப்போடு அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்து, முரசும் திரும்பத் திரும்ப வீங்கினால் சீனி வியாதியைச் சோதிக்க வேண்டும். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். கர்ப்பிணித் தாய்மாருக்கு அந்த மாதங்களில் முரசு இலேசாக வீங்குவது சகஜம், அதற்காக விளக்குவதை நிறுத்தக் கூடாது. கிளினிக் போகும் நாளில் பல்லையும் காட்டலாம்.

காரை கட்டினவர்கள் பல் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். "காரையை எடுத்தால் பல் ஆடும்" என்ற கதை தோட்டம் தோட்டமாக உலாவுகிறது. ஆடுகிற பல்லைக் காரை சிமெந்து மாதிரி பிடித்துக்கொண்டிருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே எலும்பைக் கரைப்பதே அதன் அடியில் குடியிருக்கும் கிருமிதான். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காசு இல்லை. கண்டி வட்டாரத்தில் இருக்கிற நமக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலையும் கிட்டத்தில் இருக்கிறது. ஜப்பான் நாட்டு உதவியோடு கட்டி 1998இல் திறந்த ஆஸ்பத்திரி அது, பல் டாக்டர்மாரைப் பயிற்றுவிக்கிற பல்கலைக்கழகப் பீடத்தோடு சேர்ந்தது. கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகிற பஸ் பேராதனை வழியாகத்தான் போகிறது. ஒரு நாள் பேர் போகுமே என்று யோசிப்பீர்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து போவதென்றால் முன்கூட்டியே நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், லீவு விஷயமாக ஆபீசில் பேசிப் பார்ப்போம்.

முன்பல் இல்லாத அந்தத் தாயை, மற்றப் பல் ஆடுவது நிற்குமா என்று கேட்கப் பேராதனைக்கு அனுப்பியிருக்கிறோம். போய் வந்த கதையை அவரே அடுத்த கூட்டத்தில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட்டம் வழக்கம்போலக் கொழுந்து நிறுத்த பிறகு, பிள்ளைக் காம்பராவில். வெற்றிலைப் பை கொண்டு வருகிறவர்களைத் தடுக்க மாட்டோம், வீட்டில் இருக்கிற பிரஷ்ஷையும் கூடவே எடுத்து வாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை பிரஷ் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.